டச்சிங் செய்யாத முகம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் அண்ணன் கோவிந்தராஜ் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட பெண்களில் ஒருத்திகூடக் கருப்பாக வந்ததில்லை. அதற்குக் காரணம் அண்ணனின் கேமரா அல்ல, நான்தான்.

அண்ணன் படம் எடுப்பான், கழுவுவான், காயவைப்பான். காய்ந்த நெகடிவ் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. மாடி அறை ஜன்னலோரம் எனக்கென்று ஒரு சாய்வு மேஜை உண்டு. அதில் பதித்த கண்ணாடித் துண்டின் மேல் நெகடிவை வைத்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகத்தைத் திருத்துவது என் வேலை. இதை டச்சிங் என்போம். நெகடிவில் எல்லாமே தலைகீழ். பென்சிலால் நான் எங்கே கருப்பாக்குகிறேனோ, அந்த இடம் காகிதத்தில் அச்சாகும்போது வெளுத்து விழும். கன்னம், நெற்றி, மூக்குத் தண்டு என்று பொடிப்பொடியாகக் கோடு இழைத்தால் போதும், அட்டைக் கருப்பும் கோதுமை நிறமாகிவிடும். பதினாறு வயதில் ஆரம்பித்தேன். அறுபத்தைந்தாம் வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. இந்தத் தாலுக்காவில் என்னைவிட நன்றாக டச்சிங் செய்ய ஆள் கிடையாது. இதில் எனக்கு அடக்கமெல்லாம் இல்லை.

தொண்டூரிலிருந்தும் தளவானூரிலிருந்தும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வாயைத் திறந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான், கொஞ்சம் வெளுப்பாக வரவேண்டும். அண்ணன் தலையாட்டுவான். நான் வெளுக்கவைப்பேன்.

நானும் கருப்புதான். எங்க உண்ணாமலை மாநிறம் என்று என் அம்மா ரத்தினம்மாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அம்மா சொல்வதை நம்பாதீர்கள்.

என் படத்தையும் நானேதான் டச்சிங் செய்தேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று இடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று கூட்டமும் கேசரி சாப்பிட்டது, பஜ்ஜி சாப்பிட்டது, என்னைப் பார்த்தது, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. லெட்டர் வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் வந்த ஓர் அம்மாள் பையிலிருந்து என் போட்டோவை எடுத்து, காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது சின்ன வயசுல எடுத்ததா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்த அம்மாள்மேல் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லையே என்பதுதான் என்னைத் தின்றது. போட்டோ பொய் சொன்னது. அந்தப் பொய்யை இழைத்தது என் விரல்.

ஆறு மாதம் கழித்துத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ராஜகோபால், இரும்புக்கடை வைத்திருந்தார். எங்கள் ஜனம்தான். ஒரு போட்டோ அனுப்புங்கள், பிடித்திருந்தால் வருகிறோம் என்று கார்டு போட்டிருந்தார்கள். அண்ணன் பழைய நெகடிவைத் தேட ஆரம்பித்தான்.

"அண்ணே, இந்தத் தடவ டச்சிங் கெடையாது" என்றேன்.

"பண்ணாம அனுப்புனா அது உன்ன மாதிரியே இருக்காது, தெரியுமில்ல?" என்றான்.

அதுவும் உண்மைதான். அண்ணனிடம் இருந்தவை இரண்டே விளக்குகள். இரண்டையும் முகத்துக்கு நேராக வைப்பான். டச்சிங் செய்யாமல் பிரிண்ட் போட்டால் என்னைப் போன்றவர்களுக்குக் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும், மிச்சமெல்லாம் ஒரே இருட்டு. வெளுத்த படத்தில் இருப்பவளும் நான் இல்லை, இருட்டில் இருப்பவளும் நான் இல்லை.

"அப்ப நானே என்ன வரையறேன். அத அனுப்பு."

"நீ எப்ப வரைஞ்ச?"

"வரைஞ்சதில்ல. கத்துக்கறேன். ஒரு மாசம் டைம் குடு. நடுவுல பழைய போட்டோவ அனுப்பினீன்னா, அவங்க வர்ற அன்னிக்கி நீயே தட்ட தூக்கிக்கினு போயி நில்லு."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. நைனா தவறி எட்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் முடிந்தால்தான் அண்ணனுக்குப் பெண் பார்க்கமுடியும், அவனுக்கோ இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் தூரத்து உறவில், பனமலையில், மனைவியை இழந்த ஒருவர் இரண்டாந்தாரத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பத்தொரு வயது. நிறம் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"உன் இஷ்டத்துக்கு வரை. ஆனா இதுவும் தட்டிப்போச்சின்னா பனமலைக்கு மறுபேச்சில்லாம தலையாட்டணும்" என்றாள் அம்மா.

"சரி" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். எனக்குப் பென்சில் பிடிக்கத் தெரியும், ஆறு வருடமாக முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் தாராளம் என்று நினைத்தேன்.

முதல் நாள் ஜன்னலில் பித்தளைச் சொம்பை வைத்து வரைந்தேன். உருவம் அச்சு அசலாக வந்துவிட்டது. ஷேடிங் போட ஆரம்பித்தேன். வெயில் பட்டுச் சொம்பின் வயிற்றில் ஓரிடம் மின்னியது. என் கை நேராக அந்த இடத்துக்குப் போய் அழுத்தி அழுத்திக் கருப்பாக்கியது. நான் பாட்டுக்குச் செய்துகொண்டே இருந்தேன். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தால், மின்ன வேண்டிய இடம் கரிப்பிடித்து, நிழலில் இருக்கவேண்டிய பக்கம் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்தான்.

"இன்னாது இது, பிரிண்ட் போடணுமா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆறு வருடப் பழக்கம். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே பென்சிலை வை என்று கைக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. இப்போது வேண்டாம் என்றால் கேட்குமா? எலுமிச்சம்பழத்தை வைத்தேன், அதன் மினுமினுப்பில் கருப்புப் பொட்டு விழுந்தது. தேங்காயை வைத்தேன், அதுவும் அப்படியே. ஒரு கட்டத்தில் "வெளிச்சத்த விட்டுடு, வெளிச்சத்த விட்டுடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைந்தேன். கீழே இருந்து அம்மா, யாரிடம் பேசுகிறாய் என்று கத்தினாள். பத்து நாள் பிடித்தது, கை வழிக்கு வர.

அடுத்த தொல்லை கோடு. நான் எதை வரைந்தாலும் முதலில் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் நிழலை நிரப்பினேன். தேங்காய் தட்டில் ஒட்டவைத்த காகிதம் மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். ராஜகிரிப் பாறைகளில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அன்றைக்குத்தான் கவனித்தேன், எந்தப் பாறையைச் சுற்றியும் கோடு இல்லை. ஒரு பாறையின் இருட்டு முடிகிற இடத்தில் பக்கத்துப் பாறையின் வெளிச்சம் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றையும் பார்த்தேன். உருண்டையான பாறைக்கு ஓரத்தில் அதிக இருட்டு இல்லை. ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருட்டு. ஓரத்தில் கீழேயிருக்கும் கல்லின் வெளிச்சம் எகிறி வந்து லேசாகத் தடவியிருக்கிறது. ஈரப்புடவையைக் கொடியில் போடாமல் தோளில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது.

அதற்கப்புறம் தேங்காய் தேங்காயாக வந்தது. நான் முகத்துக்குப் போனேன்.

ஜன்னல் நிலையில் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டினேன். காலை எட்டு மணியிலிருந்து பத்து வரை வெயில் பக்கவாட்டில் வரும். வெள்ளைக் காகிதத்தில் முகத்தை வரைந்து, மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே, கண் குழியில் என்று நிழல் போட்டேன். வந்தது ஒரு வெள்ளைக்காரி, முகம் கழுவாத வெள்ளைக்காரி. இன்னும் அழுத்திப் போட்டேன், இன்னும் அழுக்கானாள். ஆறு காகிதம் கிழித்தேன். ஒரு மாதத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டது. பனமலைக்காரர் நல்லவர், அமைதியானவர் என்று அம்மா சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துவிட்டாள்.

ஏழாவது காகிதத்தில் ஆத்திரம் தலைக்கேறியது. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத்தான் கூர் செய்வேன். அந்தக் கரித்தூள் ஒரு பவுடர் டப்பாவில் சேர்ந்து கிடந்தது. டப்பாவை அப்படியே காகிதத்தின்மேல் கவிழ்த்து, பஞ்சால் பரபரவென்று தேய்த்துவிட்டேன். கண்ணும் போனது, மூக்கும் போனது. காகிதம் முழுக்க ஒரே சாம்பல் கருப்பு. தேய்த்த வேகத்தில் அழுகை வந்தது. அழுதேன். அப்புறம் நல்ல காகிதம் வீணாகிறதே என்று ரப்பரை எடுத்து, நெற்றி இருந்த இடத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன்.

நெற்றி வந்தது. என் நெற்றி. கருப்பாகத்தான் இருந்தது, அதில் வெயில் பட்டிருந்தது.

நான் செய்திருந்த தப்பு அப்போதுதான் உறைத்தது. வெள்ளையிலிருந்து தொடங்கி நிழலைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் வெள்ளையிலிருந்து தொடங்கவில்லை. அது தொடங்குகிற இடமே கருப்பு, அதன்மேல்தான் வெளிச்சம் வந்து உட்காருகிறது. ஆகவே முதலில் என் நிறத்தைக் காகிதம் முழுக்கப் பூசவேண்டும். அப்புறம் வெளிச்சத்தை மட்டும் ரப்பரால் எடுக்கவேண்டும். இருட்டு ஆழமாக இருக்கும் இடத்தில் மட்டும் பென்சில்.

புதுக் காகிதத்தில் எட்டு நாள் வரைந்தேன். ரப்பரைப் பிளேடால் சீவிச் சீவி முனையாக்கிக்கொண்டேன். கன்னத்து எலும்பில் ஒரு துண்டு வெளிச்சம், மேலுதட்டின் வளைவில் ஒரு நூல், மூக்குத்திக் கல்லில் ஒரு புள்ளி. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் ஆறு வருடம் உற்று உற்றுப் பார்த்தவள், என் முகத்தை அந்த எட்டு நாளில்தான் பார்த்தேன். இத்தனை வெளிச்சம் இதில் விழுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கு என்னைப் பிடித்துப்போனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, இவ்ளோ கருப்பாவா வரைவ?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அண்ணன் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியுது, உண்ணாமல" என்றான். ஸ்டூடியோக்காரன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய வார்த்தை வராது. இரண்டு அட்டைக்கு நடுவே படத்தை வைத்துக் கட்டி, அவனே திண்டிவனம் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். யார் வரைந்தது என்று கேட்டதற்கு, தெரிந்த ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் என்று சொல்லிவிட்டானாம். பெண்ணே வரைந்தது என்று சொல்ல அவனுக்குக் கூச்சம்.

மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று கார்டு வந்தது.

ராஜகோபாலும் அவருடைய அம்மா தைலம்மாளும் வந்தார்கள். நான் பவுடர் போடவில்லை. அம்மா துரத்தித் துரத்திப் பார்த்தாள், மசியவில்லை. தட்டோடு கூடத்துக்கு வந்தேன், காப்பி கொடுத்தேன், நிமிர்ந்து நின்றேன். தைலம்மாள் என்னைப் பார்த்தாள். பைக்குள் இருந்த படத்தை வெளியே எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது அந்தப் பொண்ணு இல்லியே" என்றாள்.

மறுபடியும் அதே பேச்சு. இத்தனைக்கும் இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. நான் போட்ட ஒவ்வொரு நிழலும் உண்மை.

"இன்னாங்க இப்டி சொல்றீங்க, இவதாங்க" என்றாள் அம்மா.

"எனக்குக் கண்ணு நல்லா தெரியும்மா. படத்துல இருக்கற பொண்ணுக்கு மூக்குத்தி எடது பக்கம். இந்தப் பொண்ணுக்கு வலது பக்கம். மச்சம் பாருங்க, படத்துல எடது கன்னம், இதுக்கு வலது கன்னம். இது அக்காவா தங்கச்சியா? ஒருத்திய காட்டிட்டு இன்னொருத்திய கட்டிவெக்கிற வேலைக்கு நாங்க ஆளு இல்ல."

நான் எட்டிப் பார்த்தேன். மூக்குத்தி இடது பக்கம்தான் இருந்தது. கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வரைந்திருக்கிறேன். நெகடிவில் பாதி நேரம் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பார்த்துப் பழகிய கண், அதற்கு இரண்டும் ஒன்றுதான். அண்ணனுக்கும் அதே கண். அம்மாவோ நிறத்தைப் பார்த்ததோடு சரி. செஞ்சியில் இருந்த ஒரே போட்டோக் குடும்பம், மூன்று பேரில் ஒருவருக்கும் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"ஒரே தங்கச்சிதாங்க எனக்கு. சத்தியமா வேற பொண்ணு இல்லீங்க" என்று அண்ணன் திணறினான். தைலம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஒக்காருங்க" என்றேன் நான்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பையனின் அம்மாவை அப்படி யாரும் அதட்டியிருக்கமாட்டார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தடதடவென்று மாடிக்கு ஓடிக் கண்ணாடியை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, கண்ணாடியை முகத்துக்கு எதிரே பிடித்தேன்.

"இங்க என் பக்கத்துல வந்து நில்லுங்க. என்ன பாக்காதீங்க, கண்ணாடியில தெரியறத பாருங்க. அப்புறம் படத்த பாருங்க."

தைலம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூக்குத்தி, மச்சம், காது, வகிடு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். பின்னாலிருந்து ராஜகோபால் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"கண்ணாடிய பாத்து வரைஞ்சிருக்காங்கம்மா. அப்ப ஆர்ட்டிஸ்ட்டே இவங்கதான்."

"நீயேவா வரைஞ்ச?" என்றாள் தைலம்மாள்.

"ஆமாங்க. நான்தான். பக்கம் மாறிப்போனது என் தப்பு. வேற எதுவும் மாறல."

அவள் படத்தை என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். புடவைக் கடையில் ரவிக்கைத் துணி சேருகிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கலரு, ஜாட எல்லாம் அச்சா அப்டியே இருக்குது. மூக்குத்திதான் பயமுறுத்திடுச்சி" என்றாள்.

மூன்று கூட்டமும் எந்த ஒன்றுக்காக எழுந்து போனதோ, அதைத்தான் அவள் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கண்ணாடியைக் கீழே இறக்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

"ஒரு மாசமா இந்தப் படத்த கடையில மாட்டி வெச்சிருந்தேன்" என்றார் ராஜகோபால். "பாத்துக்கினே இருந்துட்டேன், அதான் லெட்டர் போட லேட்டாயிடுச்சி."

"எங்களுக்குச் சம்மதம். நீங்க இன்னா சொல்றீங்க?" என்று தைலம்மாள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வாயைத் திறக்கப் போனாள்.

"எனக்கு ஒரு மணி நேரம் வேணும்" என்றேன்.

"இன்னாத்துக்குடி?" அம்மாவின் குரல் உடைந்தது.

"இவர வரையணும். என் மொகத்த அவர் ஒரு மாசமா பாத்திருக்காரு. நான் அவர இப்பதான் பாக்கறேன்."

ராஜகோபால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, எங்கே உட்காரவேண்டும் என்று கேட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். காகிதத்தில் கரித்தூளைப் பூசினேன். அவரும் கருப்புதான், என்னைவிட ஒரு சுற்று அதிகம். முதல் பத்து நிமிடம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவித்தார், நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. பிறகு அடங்கினார். தாடையில் இரும்புத் தகடு கிழித்த பழைய தழும்பு இருந்தது. அதை மறைக்க அவர் முகத்தைத் திருப்பவில்லை. ரப்பரால் நெற்றியை எடுத்தேன், மூக்கை எடுத்தேன்.

தைலம்மாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "எம்மா, எம் புள்ளய மட்டும் கொஞ்சம் வெளுப்பா வரையேன்" என்றாள்.

"சும்மா இரும்மா" என்றார் அவர், முகத்தை அசைக்காமல். "இருக்கறது இருக்கறபடி வரட்டும்."

படம் பாதிதான் முடிந்திருந்தது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கும் சம்மதம்மா" என்றேன்.